தலைப்பு கட்டாயம்

மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ், மூன்றாவது மாடி.
ஏ.சி. ஓடினாலும் ஜன்னல் திறந்தேதான் இருக்கும்,
சிப்காட் காற்று வருகிற நாளில் மட்டும் சாத்துவார்கள்.
மாவட்ட இணையதளத்துக்குப் புது மென்பொருள் தேர்ந்தெடுக்கும் குழு.
ஒன்பது நாற்காலி.
பத்தாவது எனக்கு, கதவோரம், கூட்டக் குறிப்பு எழுத.

முதலில் வந்த கம்பெனி ஓடும் படங்களைக் காட்டியது:
சில்வர் பீச், பிச்சாவரம், நெய்வேலிப் புகைபோக்கி,
மறுபடி சில்வர் பீச்.
"சுத்திக்கிட்டே இருக்கும் சார், நிக்கவே நிக்காது."
அது சுற்றுகிற வேகத்திலேயே எல்லோரும் தலையாட்டினார்கள்.

அடுத்தவர்கள் உரிமக் கட்டணமே இல்லை என்றார்கள்.
"இலவசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார் கணக்கு அதிகாரி திருமேனி.
இலவசத்தை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது
என்பது அவர் கவலை.

மூன்றாவது ஆள் நவ்ஷாத், விருத்தாசலத்துப் பையன்,
படம் எதுவும் காட்டவில்லை.
"இப்ப இதை யார் டைப் பண்றாங்க?" என்றான்.
ஒன்பது தலையும் கதவுப் பக்கம் திரும்பியது.
பதினோரு வருஷத்தில் அந்த அறையில்
டீ வந்துவிட்டதா என்பதைத் தவிர
என்னிடம் வந்த முதல் கேள்வி.

சொன்னேன்.
பழைய தளத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பக்கம்,
பாதி காலாவதியான டெண்டர்.
மீதியில் ஒன்று சிங்காரத்தோப்புப் பட்டியல்,
புயலில் யாருக்கு எத்தனை வலை போனது என்று.
அந்தக் காலத்து எழுத்துருவில் அடித்தது.
இன்றைக்குத் திறந்தால் அது தமிழே இல்லை,
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்
யாரோ தூக்கத்தில் உளறியது மாதிரி.

போன மாசம் தேசிங்கு என்று ஒருவர் வந்தார்.
அப்பா பேர் அதில் இருக்கிறது, ஒரு பிரிண்ட் வேண்டும்,
சொசைட்டியில் கேட்கிறார்கள்.
அப்பா பேர் என்ன?
ஏழுமலை.
தேடுபெட்டியில் போட்டேன். முடிவுகள் இல்லை.
திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இல்லாமலா நான் பொறந்தேன்?"

தேசிங்கு வந்ததைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை.
கலெக்டருக்கு ஐந்து மணிக்கு வேறு கூட்டம்.

அந்தப் பட்டியலை மூன்று மென்பொருளுக்கும்
கொடுத்துப் பார்க்கலாம் என்றான் நவ்ஷாத்.
முதலாவது வாங்கவே இல்லை.
இரண்டாவது வாங்கிக்கொண்டு ழகரத்தை எல்லாம் விழுங்கியது,
ஏழு போய் மலை மட்டும் நின்றது.
அவனுடையது நூற்றில் தொண்ணூறு பேரைக் கரை சேர்த்தது.
வலைகளின் எண்ணிக்கை மட்டும்
எல்லாவற்றிலும் சரியாக வந்தது.

பிறகு மதிப்பெண்.
தொழில்நுட்பத்துக்கு எழுபது, விலைக்கு முப்பது.
எழுபதில் எல்லோரும் பாஸ்,
முப்பதில்தான் சண்டை.
"குறைந்த விலைப்புள்ளி அளித்த இரண்டாம் நிறுவனம்
ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது" என்று எழுதினேன்.
ஒருமனதில் என் மனம் சேர்த்தியா
என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

இப்போது மணி ஏழரை.
வாட்ச்மேன் சாவியைக் குலுக்குகிறார்.
வருவாய்ப் பிரிவு பீரோவில் பழைய பிரிண்ட் ஒன்று கிடைத்தது,
மேல் ஓரம் கரையான் தின்றது.
நாலு நாளாகக் கையால் அடிக்கிறேன், இருநூற்றுப் பதினாறு வரி.
கன்னியப்பன், வலை இரண்டு, பகுதிச் சேதம்.
அஞ்சாபுலி, கட்டுமரம் ஒன்று, முழுச் சேதம்.
ஏழுமலை, வலை மூன்று, எஞ்சின் ஒன்று.
ழ அடிக்க வலது சுண்டுவிரல் கீழே இறங்க வேண்டும்,
விரல் வலிக்கிறது.

சேமிக்கப் போனால் சிவப்பு நட்சத்திரம்:
தலைப்பு கட்டாயம்.
தாளில் தலைப்பு இருந்த இடம் கரையான் வயிற்றில்.
"புயல் நிவாரணம்" என்று அடித்தேன், அழித்தேன்.
கிடைத்ததா என்று அந்தத் தாள் சொல்லவில்லை.
"வலைகள்" என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

தேடுபெட்டியில் ஏழுமலை.
முடிவுகள்: பதினேழு.

தேசிங்குவின் அப்பா எது என்று
அவரைத்தான் கேட்க வேண்டும்.
செல் நம்பர் வாங்கி வைக்கவில்லை.